வில்லன் அணிக்கே எடை அதிகம்

2020 செப்டம்பரில் ஒரு தொடருக்குக் கோப்பையும் சிவப்பு அட்டையும் அடுத்தடுத்து வந்தன. 'தி டார்க் கிரிஸ்டல்: ஏஜ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்' என்ற நெட்ஃபிளிக்ஸ் பொம்மைத் தொடர் சிறந்த குழந்தைகள் நிகழ்ச்சிக்கான எம்மி விருதை வாங்கியது. மேடை விளக்கு அணைந்த சில நாட்களிலேயே, இரண்டாம் சீசன் கிடையாது என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்லிவிட்டது. ஜெயித்த அணியை அந்த வாரமே கலைத்த கதை கால்பந்தில்கூட அபூர்வம்.

விளையாட்டுப் பத்தியில் பொம்மைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே ஒவ்வொரு வாரமும் நான் எழுதுவது உடம்பைப் பற்றித்தான். யார் எங்கே கால் வைத்தார், தோள் எப்போது தளர்ந்தது, பந்து வருவதற்கு முன்பே இடுப்பு திரும்பியதா என்பவைதான் என் கணக்குகள். பத்து எபிசோடு முழுக்க ஒரு மனித முகம்கூடத் தெரியாமல், கையும் தோளும் முதுகும் மட்டுமே நடித்த ஒரு ஆட்டத்தை அலச இதைவிடப் பொருத்தமான பக்கம் கிடையாது.

முன்கதை சுருக்கமாக. ஜிம் ஹென்சனும் ஃபிராங்க் ஆஸும் சேர்ந்து இயக்கிய 'தி டார்க் கிரிஸ்டல்' 1982 டிசம்பரில் வந்தது. பிரையன் ஃபிரௌட் வரைந்த உலகம் அது. கழுகும் பல்லியும் கலந்த ஸ்கெக்ஸிஸ் என்ற கிழட்டு ஆட்சியாளர்கள், அவர்களால் அழிக்கப்பட்டு மிச்சமிருக்கும் ஓரிரு கெல்ஃப்லிங்குகள், நடுவில் உடைந்த ஒரு படிகம். அதே ஆண்டு கோடையில் 'ஈ.டி.' வந்து உலகத்துக் குழந்தைகளை அள்ளிக்கொண்டு போயிருந்தது. இந்தப் படத்தைப் பார்த்த குழந்தைகளோ பயந்து அழுதார்கள். விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். வெளியீட்டுக்கு முன்பே, முதல் சோதனைக் காட்சியில் ஸ்கெக்ஸிஸ் தங்களுக்கென்று உருவாக்கப்பட்ட மொழியில் பேசினார்கள். கூட்டம் திருதிருவென்று விழிக்க, அவசரமாக ஆங்கில வசனம் ஏற்றினார்கள். படம் கைமாறி முடங்கிவிடுமோ என்ற நிலை வந்தபோது ஹென்சன் சொந்தக் காசைப் போட்டே அதைத் திரும்ப வாங்கினார். 1990இல் அவர் இறந்தார். படம் மட்டும் வீடியோ கேசட்டில் உயிரோடு இருந்து, பயந்த குழந்தைகள் வளர்ந்ததும் அவர்களையே ரசிகர்களாக்கிக்கொண்டது.

அந்தக் கதைக்கு முந்தைய கதையாக, 2019 ஆகஸ்ட் 30 அன்று பத்து எபிசோடுகள் ஒரே நாளில் வந்தன. எல்லாவற்றையும் இயக்கியவர் லூயி லெத்தெரியே. 'டிரான்ஸ்போர்ட்டர்', 'இன்க்ரெடிபிள் ஹல்க்' எடுத்த அடிதடி இயக்குநர். கெல்ஃப்லிங்குகளைக் கணினி வரைகலையிலும் ஸ்கெக்ஸிஸைப் பொம்மையிலும் செய்து பார்க்கலாம் என்று முதலில் சோதனைப் படம் எடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒட்டவில்லை. முழுக்க பொம்மை என்று முடிவானது. கணினிக்குக் கிடைத்தது கம்பியையும் ஆளையும் மறைக்கிற, பின்புலத்தை விரிக்கிற துணை வேலைதான்.

விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ரொட்டன் டொமேட்டோஸ் கணக்கில் பத்துக்கு ஒன்பது பேர் பக்கத்தில் நல்ல வார்த்தை சொன்னார்கள். பார்வையாளர் மதிப்பெண்ணும் உயரத்தில்தான் நின்றது. ஆனால் பாராட்டுகளுக்கு இடையே சில புகார்கள் விடாமல் வந்தன: பெயர்கள் வாயில் நுழையவில்லை, முதல் இரண்டு எபிசோடு நகரவே இல்லை, நாயக நாயகியர் முகம் மரம் மாதிரி இருக்கிறது, குழந்தைகளுக்குக் காட்ட முடியாத அளவுக்குக் கொடூரம், பெரியவர்கள் பார்க்க இது வெறும் பொம்மை. புகழ்ந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் புகழ்ந்தது வில்லன்களை. கவனித்தால், புகழ்ந்தவரும் குறை சொன்னவரும் வேறு வேறு ஆட்டத்தைப் பார்க்கவில்லை. இரு தரப்பும் விரல் வைத்த இடம் ஒன்றுதான். அந்த இடத்துக்கு என் தொழிலில் ஒரு பெயர் உண்டு: எடை.

ஸ்கெக்ஸிஸ் எப்படி ஆடுகிறார்கள் என்று பாருங்கள். அந்த உடுப்புக்குள் ஒரு ஆள் முழுசாக இருக்கிறார். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி பொம்மையின் தலைக்குள் கொடுத்திருக்கிறார். மறு கை பொம்மையின் ஒரு கை. இன்னொரு கையை இன்னொருவர் ஆட்டுகிறார். கண், புருவம், உதட்டுச் சுழிப்பையெல்லாம் வெளியே நின்று ரிமோட்டில் இயக்க வேறு ஆட்கள். உள்ளே இருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது; நெஞ்சில் கட்டிய சின்ன மானிட்டரில் கேமரா பார்ப்பதை அவரும் பார்க்கிறார். தன் முகம் எதிரே இருப்பவனுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே அடிக்கிற குத்துச்சண்டை வீரன் யாராவது உண்டா? இவர்களுக்கு அதுதான் அன்றாடம்.

ஆக, ஸ்கெக்ஸிஸில் ஒருவனான சேம்பர்லின் ஒரு அடி வைத்தால் அது ஒரு மனிதன், முதுகில் சுமையோடு, ஒரு கையை உயரத் தூக்கியபடி வைத்த அடி. மூச்சு வாங்குவது நிஜம். திரும்பும்போது அங்கி அரை நொடி தாமதமாகத் திரும்புவதும் நிஜம். அந்த அரை நொடியை எந்த மென்பொருளும் இவ்வளவு அலட்சியமாகத் தராது. திருவொற்றியூரில் பையன்களுக்கு பாக்ஸிங் சொல்லித்தரும் நண்பர் ஒருவருக்கு இரண்டு எபிசோடு போட்டுக் காட்டினேன். வசனம் அவருக்குப் பாதி புரியவில்லை. அவர் சொன்ன விமர்சனம் ஒன்றுதான்: "இன்னா தலைவா, அந்தக் கழுகு மூஞ்சிக்காரன் கால் வெச்சா தரை கேக்குது. இந்தச் சின்னப் பசங்க மெதக்குறாங்கப்பா."

மிதக்கிறார்கள். அதுதான் பிரச்சினை. கெல்ஃப்லிங் பொம்மை சிறியது. உள்ளே ஆள் நுழைய முடியாது. கை மட்டும்தான் நுழையும். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய அரங்கின் அடியிலிருந்து ஒருவர் தலையையும் உடம்பையும் தூக்கிப் பிடிக்கிறார். இடுப்புக்கு மேலே எடுக்கும்வரை அற்புதமாக இருக்கிறது. மூன்று நாயக கெல்ஃப்லிங்குகளில் ரியானாக ஆடிய நீல் ஸ்டெரன்பெர்க், பிரியாவாக ஆடிய ஆலிஸ் டின்னியன், டீட்டாக ஆடிய பெக்கி ஹென்டர்சன் மூவரும் கழுத்தின் சாய்வில் மட்டும் வெட்கம், சந்தேகம், துக்கம் என்று பிரித்துக் காட்டுகிறார்கள். கேமரா பின்னால் போய் முழு உருவமும் ஓடுவதைக் காட்டும்போதுதான் கால் தரையை விட்டுவிடுகிறது. முகத்திலும் இதே கதை. ஸ்கெக்ஸிஸ் முகம் சுருக்கமும் சளியும் பல்லும் நிறைந்தது. விளக்கு பட்டாலே பாதி நடிப்பு வந்துவிடும். கெல்ஃப்லிங்குக்கு வழவழப்பான இளம் முகம். விளக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. இதைத்தான் விமர்சகர்கள் 'உணர்ச்சியில்லை' என்று எழுதினார்கள். உணர்ச்சி இருக்கிறது, அதைத் தாங்கிக்கொள்ளத் தசை இல்லை.

எடை என்றால் என்ன என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டு மரப்பாவைக் கூத்தில், பொம்மலாட்டம் என்று நாம் சொல்வதில், பாவை நாலரை அடி உயரம்வரை இருக்கும். எடை பத்து கிலோவைத் தொடும். இந்தியாவின் மரபான நூல்பாவைகளில் இதுதான் பெரியது, கனமானது. நூல்களை ஒரு இரும்பு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தை ஆட்டுபவர் கிரீடம்போலத் தலையில் மாட்டிக்கொள்கிறார். பாவையின் கைகளுக்குக் கம்பி. அவர் தலையை அசைத்தால் பாவை அசையும். அவர் ஆடினால்தான் அது ஆடும். ஹென்சன் ஸ்டுடியோவில் கையை உயர்த்திக்கொண்டு நிற்பவரும், கும்பகோணத்துப் பக்கம் தலையில் வளையத்தோடு குனிந்து நிற்பவரும் ஒருவரையொருவர் சந்தித்தால், மொழி தெரியாவிட்டாலும் கழுத்து வலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் மணலியிலிருந்து கூப்பிடு தூரத்தில் திருவொற்றியூர். மாசித் திருவிழாவில் தியாகராஜர் பதினெட்டுத் திருநடனம் ஆடி வருகிறார். அசையாத உற்சவர், மலர் அலங்காரத்துக்குள் முகம் மட்டும் தெரிகிறது. ஆட்டம் முழுவதும் சுமப்பவர்களின் முழங்காலிலும் தோளிலும் இருக்கிறது. நான்கு பக்கத்துத் தோளும் ஒரே தாளத்தில் இறங்கி ஏறும்போது, சாமி ஆடுகிறார் என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. முகம் அசையவில்லை என்று யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. எடை ஆடினால் முகம் தானாக ஆடும் என்பது இந்தப் பகுதிக்கு நெடுங்காலப் பழக்கம். கெல்ஃப்லிங்குகளுக்கு அந்தத் தோள் கிடைக்கவில்லை.

வில்லனின் அசைவுக்குக் கைதட்டுவதும் எங்களுக்குப் புதிதில்லை. 2021இல் 'சார்பட்டா பரம்பரை' அமேசான் பிரைமில் வந்தபோது ராயபுரம், காசிமேடு பக்கமெல்லாம் யாரைப் பற்றிப் பேசினார்கள்? நாயகன் கபிலனைப் பற்றிப் பேசினார்கள், சரி. அதைவிட அதிகமாக டான்சிங் ரோஸைப் பற்றிப் பேசினார்கள். எதிர் பரம்பரைக்காரன், ஒரு சண்டைக்கு மட்டும் முழுதாக வருபவன். ஆனால் அவன் காலடி வேலையைப் பார்த்த பிறகு கட்சி மறந்துபோனது. சைமன் பெக் குரலில் முனகிக்கொண்டு வரும் சேம்பர்லினும் அதே ரகம். 1982இல் பேரி டென்னன் கண்டுபிடித்த அந்த முனகலை பெக் பக்தியோடு பின்தொடர்கிறார். ஆனால் ரசிகர்களைக் கட்டிப்போட்டது முனகல் மட்டுமா? உள்ளே இருந்து ஆட்டிய வாரிக் பிரவுன்லோ-பைக், ஒவ்வொரு பொய்க்கும் முன்னால் கழுத்தைக் கால் அங்குலம் உள்ளே இழுக்கிறார். பொய் வரப்போகிறது என்று நமக்கு முன்கூட்டியே தெரிகிறது. அந்த அறிவிப்புதான் சிரிப்பு.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்ல வேண்டும். விளம்பரங்களில் யார் பெயர் வந்தது? டாரன் எகர்டன், ஆன்யா டெய்லர்-ஜாய், நதாலி இமானுவல், மார்க் ஹாமில், ஹெலினா பான்ஹாம் கார்ட்டர், கதை சொல்லும் குரலாக சிகோர்னி வீவர். எல்லாம் குரல் கொடுத்தவர்கள். மாதக்கணக்கில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களின் பெயரை, தயாரிப்பைப் பற்றிய ஆவணப்படம் வந்த பிறகு ஆர்வமுள்ளவர்கள்தான் தேடிப் படித்தார்கள். ஆக்ரா கிழவிக்குக் குரல் டோனா கிம்பல்; அந்தக் கிழவியின் எரிச்சலான தோள் குலுக்கல் முழுவதும் கெவின் கிளாஷ், ஒரு காலத்தில் எல்மோவாக இருந்த கை. தமிழ் ரசிகனுக்கு இது புரியும். '96' படத்தில் திரிஷாவின் கண்ணுக்கு நாம் அழுதோம், குரல் சின்மயியுடையது. இரண்டும் தனித்தனி நடிப்பு என்று ஒத்துக்கொள்ள நமக்கே பல வருடம் ஆனது. நம் தோல்பாவைக் கூத்தில் இந்தச் சண்டையே எழாது. திரைக்குப் பின்னால் ஒரே ஆள் ராமனாகவும் ராவணனாகவும் சூர்ப்பனகையாகவும் பேசி, அவரே தோலையும் ஆட்டுகிறார். வீட்டு மனிதர்கள் பக்கத்தில் தாளம் போடுகிறார்கள். சம்பளமும் பெயரும் ஒரே ஆளுக்கு. அந்தச் சம்பளம் எவ்வளவு சின்னது என்பது வேறு கதை.

குரலும் கையும் ஒருவருடையதாக இருந்த முக்கியப் பாத்திரம் ஹப். விக்டர் யெரிட் இரண்டையும் செய்தார். உருளைக்கிழங்கு மூக்கோடு, வாளுக்குப் பதில் மரக்கரண்டி தூக்கிக்கொண்டு, வீரனாக வேண்டும் என்று அலையும் போட்லிங் இனத்தவன். அவன் பேசுவது பாதி புரியாத மொழி. எழுதியவர்களும் பேசியவர்களும் குழந்தைகளும் ஒருசேர மனதைக் கொடுத்தது அவனுக்குத்தான். கன்னியாகுமரிப் பக்கத் தோல்பாவைக் கூத்து பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. அங்கே ராமாயணம் நடந்துகொண்டே இருக்கும். நடுவில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்துவிட்டால் முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து உட்காருவார்கள். காவியத்தைச் சுமப்பது கோமாளி. ஹப்புக்குக் குரலும் கையும் பிரியாமல் இருந்ததால் நேரமும் பிசகவில்லை. நகைச்சுவைக்கு அரை நொடிப் பிசகு போதும், செத்துவிடும்.

அடுத்து, முன்கதைத் தொடர்களுக்கெல்லாம் வரும் குற்றச்சாட்டு: முடிவு தெரிந்த கதை. 1982 படத்தில் கெல்ஃப்லிங் இனமே அழிந்துகிடக்கிறது. அப்படியானால் இந்தப் பத்து எபிசோடு போராட்டம் தோற்கத்தான் போகிறது, எதற்குப் பார்ப்பது என்று வெளிநாட்டில் சிலர் கேட்டார்கள். கேள்வியே நமக்கு விளங்காது. கர்ண மோட்சம் கூத்து பார்க்கப் போகிறவன் கர்ணன் பிழைப்பான் என்று நம்பிப் போகிறானா? விடியவிடிய உட்கார்ந்து, அவன் எப்படிச் சாகிறான் என்று பார்த்துவிட்டுத்தான் எழுகிறான். பழைய இறுதிப் போட்டியின் மறு ஒளிபரப்பைப் பார்க்கிறவனுக்கும் ஸ்கோர் தெரியும். தோற்கப்போகிறவர்கள் ஒரு நாள் ஜெயிப்பதைக் காட்டி முதல் சீசன் முடிகிறது. கெல்ஃப்லிங்குகள் ஆர்ப்பரிக்கிறார்கள், பின்னால் வரப்போவது நமக்குத் தெரியும். அந்த வெற்றியில் இருக்கும் வலி, முடிவு தெரிந்தவனுக்கு மட்டும் கிடைக்கிற வலி. இதைத் தொடரின் பலவீனம் என்று எழுதியவர்கள் ஆட்டத்தைத் தலைகீழாகப் படித்துவிட்டார்கள் என்பது என் கட்சி.

பெயர்க் குழப்பம் பற்றிய புகாரை ஒத்துக்கொள்கிறேன். ஸ்கெக்ஸோ, ஸ்கெக்ஸில், ஸ்கெக்டெக், ஸ்கெக்மால் என்று வரிசையாக வந்தால் அணிப் பட்டியல் அச்சடித்துத்தான் கையில் கொடுக்க வேண்டும். ஏழு கெல்ஃப்லிங் குலங்களும் முதல் எபிசோடிலேயே கணக்கில் வந்துவிடுகின்றன. புதிதாக வருபவன் அங்கேயே எழுந்து போகிறான்.

மணலியில் உட்கார்ந்து பார்க்கிறவன் போகாமல் இருக்கக் காரணம் ஒன்று உண்டு. அந்த உலகத்து ஆட்சியாளர்கள் படிகத்திலிருந்து உயிரை உறிஞ்சி உறிஞ்சி ஆயுளை நீட்டிக்கொள்கிறார்கள். படிகம் வற்றியதும் மக்களின் சாரத்தையே பிழிந்து குடிக்கத் தொடங்குகிறார்கள். முதலில் போவது ரியானின் காதலி மிரா. இதற்கிடையே நிலத்தடியில் ஊதா நிறத்தில் ஒரு நோய் படர்கிறது. பட்ட விலங்குக்கு வெறி பிடிக்கிறது, மரம் கருகுகிறது. அரண்மனையில் விருந்து நடக்கிறது. வெளிநாட்டு விமர்சகர்கள் இதைப் பருவநிலை மாற்றத்துக்கான உருவகம் என்று எழுதினார்கள். இங்கே உருவகம் தேவைப்படவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபோது, மணலி ஆலைப் பகுதியிலிருந்து அடித்து வந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் போய்ப் படிந்தது. வலையும் படகும் வீட்டுச் சுவரும் கறுத்தன. எண்ணெயில் குளித்த கூழைக்கடாக்களின் படம் பத்திரிகைகளில் வந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிவது இங்கே பழைய செய்தி. இதையெல்லாம் பார்த்த கண்ணுக்கு, டீட் தன் கையால் அந்தக் கறையைத் தொட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும் காட்சி கற்பனைக் கதையாகத் தெரிவதில்லை. குழந்தைகளுக்கு மிகக் கொடூரம் என்று சொன்ன பெற்றோர்களின் கவலை எனக்குப் புரிகிறது. விஞ்ஞானியின் கண்ணை வண்டு தின்னும் தண்டனைக் காட்சியில் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகள் கூகிளில் தேடாமலே அறிந்த கொடூரம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

இனி ஸ்கோர் பலகை. தொடரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை நெட்ஃபிளிக்ஸ் வெளியிடவில்லை. அந்தக் காலத்தில் அவர்கள் கணக்குப் போட்ட விதமே மாறிக்கொண்டிருந்தது. முன்பு ஒரு எபிசோடில் எழுபது சதவீதம் பார்த்தால் பார்த்ததாகக் கணக்கு. 2020 தொடக்கத்திலிருந்து இரண்டு நிமிடம் பார்த்தாலே கணக்கு. ரசிகர் மதிப்பெண் உயரத்தில் இருந்ததே, பிறகு ஏன் ரத்து என்று பலர் கொதித்தார்கள். அந்த மதிப்பெண்ணைப் போட்டது யார் என்று கேட்க வேண்டும். பத்தாவது எபிசோடுவரை இருந்தவர்கள். முதல் எபிசோடில் எழுந்து போனவன் நட்சத்திரம் போட மாட்டான். அடுத்த தொடருக்குப் போய்விடுவான். கடைசி விசில்வரை கேலரியில் நின்றவர்களிடம் மட்டும் கேட்டால் எந்த ஆட்டமும் நல்ல ஆட்டம்தான். இந்தப் பொம்மைகளைச் செய்து, உடுத்தி, ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு பேரை நிறுத்தி எடுத்த செலவுக்கு, எழுந்து போனவர்களும் தேவைப்பட்டார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், பொம்மைக்கு மவுசு இல்லை என்றும் சொல்ல முடியாது. அதே 2019 நவம்பரில் 'மாண்டலோரியன்' வந்தது. ஒற்றைப் பச்சைக் குழந்தைப் பொம்மை உலகத்தையே மடியில் போட்டுக்கொண்டது. படப்பிடிப்பில் பொம்மையை எடுத்துவிட்டு, வேண்டுமானால் வரைகலைக்கு மாற்றிக்கொள்ள வசதியாக வெறும் காட்சியையும் எடுத்து வைக்கப் பார்த்தபோது, அதில் நடித்த இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் கோழைத்தனம் என்று திட்டினாராம். ஆனால் அங்கே பொம்மையைப் பார்க்க ஒரு மனிதன் இருந்தான். அவன் அதைத் தூக்கினான், முறைத்தான், தடுமாறினான். அவன் கையில் அது ஏறியதும் அதற்கு எடை வந்துவிட்டது. 'டார்க் கிரிஸ்டல்' உலகத்தில் கெல்ஃப்லிங்கைத் தூக்க மனிதக் கை கிடையாது. ஒரு பொம்மை இன்னொரு பொம்மையைத் தூக்கும்போது இரண்டும் சேர்ந்து மிதக்கின்றன.

இப்போது பார்க்க நினைப்பவர்களுக்கு: பெயர்களை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம், நடையை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். மூன்றாவது எபிசோடு வரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழாவதைத் தவறவிடாதீர்கள். அதில் இரண்டு கிழட்டுத் துறவிகள், உலகம் உண்டான ரகசியத்தை நாயகர்களுக்கு விளக்க ஒரு குட்டிப் பொம்மலாட்டம் நடத்துகிறார்கள். பொம்மைகளுக்கு முன்னால் பொம்மைகள் ஆடும் பொம்மலாட்டம். அதை ஆட்டியவர் பார்னபி டிக்சன் என்ற இளைஞர், யூட்யூபில் விரல் பொம்மை காட்டிப் பெயர் வாங்கியவர். அந்தக் குட்டிப் பாவைகளுக்கு முகமே சரியாக அசையாது. ஆனால் ஒவ்வொன்றும் காலை ஊன்றி நிற்கிறது. இரண்டு விரல்தான் கால். தொடரின் மிகச் சிறிய பொம்மைகள் அவை; எடை இருக்கும் கெல்ஃப்லிங்குகளை நான் பார்த்தது அந்தச் சில நிமிடங்களில்தான்.